சித்தப்பா வீட்டு வைஃபை டாங்கிள்

2024 ஜூன் 3, திங்கள்

சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது. போன வருடம் நான்தான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து நெட்டையே பார்க்காத கணினி. இப்போது தங்கச்சி கவுன்சலிங் விண்ணப்பத்தைப் பெரிய திரையில் நிரப்ப வேண்டும் என்கிறாள். அதற்காகவே சித்தப்பா யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று, அதாவது செருகினால் வைஃபை தரும் சின்னக் கருவி, வாங்கி வைத்திருந்தார்.

செருகினேன். வைஃபை பட்டியல் வரவில்லை, சிடி படம் ஒன்றுதான் வந்தது. "டிரைவர் உள்ளேயே இருக்குன்னு கடைக்காரர் சொன்னாரே" என்றார் சித்தப்பா. டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், இருக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு மட்டும்.

செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தது. முன்பாதி, சிப் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் எண். பின்பாதி, டாங்கிள் தன்னை டிஸ்க் என்று சொல்லிக்கொள்ளும்போது காட்டுகிற எண். அந்த நிலையில் எந்த டிரைவரை ஏற்றினாலும் பயன் இல்லை, அது தேடும் வைஃபை சாதனமே அங்கே கிடையாது. சிடி படத்தில் வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தேன். இரண்டு மூன்று விநாடி. மறுபடி பார்த்தால் 0பிடிஏ:சி811. ஆர்டிஎல்8811சியூ சிப்! எனக்கு அந்த ஒரு வரியே போதும். பெட்டியில் போட்டிருக்கும் பிராண்டு பெயரை வைத்து டிரைவர் தேடவே கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு சிப் வைத்தும் விற்கிறார்கள்.

ஆனாலும் வைஃபை வரவில்லை. மணி பத்தாகிவிட்டது, கிளம்பினேன்.

ஜூன் 4, செவ்வாய்

காரணம் கெர்னல், அதாவது உபுண்டுவின் மையப்பகுதி. பெரும்பாலான டிரைவர்கள் அதோடுதான் வரும். அங்கே ஓடுவது 5.15. இந்த யூஎஸ்பி சிப்புக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2023இல் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. நிரல்கள் பகிரும் கிட்ஹப் தளத்தில் தனி டிரைவர் கிடைக்கும், ஆனால் கெர்னல் மாறும்போது அது நின்றுபோனால் சித்தப்பா யாரைக் கூப்பிடுவார்? கெர்னலையே புதிய பதிப்புக்கு ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நெட் வரவழைக்கவே நெட் வேண்டுமே. என் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டேன், போனின் நெட் கணினிக்கு வந்தது. அதற்குத் தனி டிரைவர் தேவைப்படவில்லை. அப்டேட் முடிந்து 6.5 வந்தது. ரீபூட் செய்தால் மறுபடி சிடி படம். எஜெக்ட் கொடுத்ததும் வைஃபை பட்டியல் வரிசையாக இறங்கியது. ஒவ்வொரு முறையும் இவர்கள் எஜெக்ட் செய்துகொண்டிருக்க முடியாது. டிஸ்க் நிலையிலிருந்து வைஃபைக்கு மாற்றும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிரலைப் போட்டு, செருகியதும் அது தானாக ஓடும்படி யூடெவ் விதி (சாதனம் செருகும்போது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு) ஒன்று எழுதி வைத்தேன்.

ஜூன் 8, சனி

தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட் ஆகுது."

போய்ப் பார்த்தால், டாங்கிள் நான்கு போர்ட் ஹப்பில் (ஒரு யூஎஸ்பி இடத்தை நான்காக்கும் பெட்டி) இருக்கிறது, பக்கத்திலேயே போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். அவள் சான்றிதழ் ஸ்கேன்களை அதிலிருந்துதான் எடுக்கிறாள். டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் கெர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெசெஜ்ஜில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' வரி விழுந்தது. தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், கணினி அதற்குத் தருவதே 500 மில்லி ஆம்பியர், கணக்குப்படி ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100தான். டிஸ்க் இழுத்துக்கொண்டால் டாங்கிளுக்கு என்ன மிஞ்சும்?

டாங்கிளைக் கணினியின் பின்பக்க போர்ட்டில் மாட்டினேன், டிஸ்க்கை முன்பக்கத்தில். ஹப்பில் இப்போது கீபோர்டும் மவுஸும் மட்டும். ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சான்றிதழும் ஏறின, ஒரு முறைகூட கட் ஆகவில்லை. அப்புறம் ஒரு துண்டு பிளாஸ்திரியில் '8811சியூ' என்று எழுதி டாங்கிளின் முதுகில் ஒட்டிவிட்டு வந்தேன்.