தேதி குத்திய புத்தகம்

வாங்கி வைத்துப் படிக்காமலே பழுப்பேறிய புத்தகங்கள் என் அலமாரியில் நாற்பதாவது இருக்கும். மின்நூல் படிக்கும் கருவியான கிண்டிலும் ஒன்று உண்டு. சார்ஜ் போட்டு எத்தனை மாதமாயிற்றோ! நூலகத்தில் எடுத்து வருவதை மட்டும்தான் முடிக்கிறேன். உள்ளே ஒட்டிய சீட்டில் குத்தியிருக்கும் தேதிதான் என்னை விரட்டுகிறது.

போன வாரம் பறவைகளைப் பற்றிப் படிக்கலாம் என்று நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டியூயி எண்ணில் 598-க்குப் போனேன். ஒரு பக்கம் 597, மீன்கள். மறுபக்கம் 599, பாலூட்டிகள். பறவையை மறந்து வௌவால் புத்தகத்தோடு வந்து சேர்ந்தேன். கிண்டிலில் தேடினால் கேட்டது மட்டும்தானே வரும்?

வௌவாலுக்குக் கண் தெரியாது என்ற வரியின் ஓரத்தில், எனக்கு முன்னால் படித்தவர் பென்சிலால் 'நன்றாகவே தெரியும்!' என்று எழுதியிருந்தார். பொதுப் புத்தகத்தில் கிறுக்குவது எனக்கு ஆகாது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

கிண்டிலில் போல அச்சுப் புத்தகத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது என்பது ஒரு குறைதான். வெள்ளிக்கிழமை திருப்பித் தரவேண்டும், இன்னும் அறுபது பக்கம் பாக்கி. யாரும் முன்பதிவு செய்யாமல் இருந்தால் புதுப்பித்துக்கொள்வேன்.