புளிக்க வைப்பதுதான் என் வேலை

மக்காச்சோளத்திலிருந்து பிளாஸ்டிக் வருகிறது என்று சொன்னால், சோளத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் வேலை செய்வது அந்தத் தொழிலின் முன்பாதியில், லாக்டிக் அமிலம் எடுக்கும் நொதித்தல் பிரிவில். இங்கே பிளாஸ்டிக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. சர்க்கரைக் கரைசல், பாக்டீரியா, நீராவி, சுண்ணாம்பு, இவ்வளவுதான் எங்கள் உலகம். புளித்த பாலில் 1780-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே கண்டுபிடித்த அமிலத்தைத்தான் பெரிய கலன்களில் இன்று நாங்கள் எடுக்கிறோம்.

தானியத்தின் மாவுச்சத்தை முதலில் நொதிகளால் உடைத்துக் குளுக்கோஸாக்குகிறோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் கிடைக்கும். எடைக் கணக்கில் ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு கிலோ அமிலம். எத்தனால் எடுக்கும்போது சர்க்கரையின் எடையில் பாதி கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இங்கே அந்த இழப்பு இல்லை. நல்ல பேட்ச் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கைக்கு வந்துவிடும். அப்புறம் அந்த அமிலத்தை லாக்டைடு என்ற வளைய மூலக்கூறாக்கி, அந்த வளையத்தைத் திறந்து நீளமாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம், அதாவது பிஎல்ஏ. வழியில் தண்ணீர் பிரிந்துவிடுவதால், ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 800 கிராம் பிளாஸ்டிக்தான் வரும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். எங்கள் வேலை முழுவதையும் வளைத்துப் போடுவது ஒரே ஒரு விஷயம்: பாக்டீரியா உண்டாக்கும் அமிலமே அதன் வேலையை நிறுத்திவிடும். புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு 4-ஐ நெருங்கும்போது, பிரியாத அமில மூலக்கூறுகள் செல் சவ்வைக் கடந்து உள்ளே நுழைகின்றன. அங்கே பிரிந்து வெளிவிடும் புரோட்டான்களை வெளியே தள்ளவே அந்தச் சின்ன உயிரின் ஆற்றல் எல்லாம் தீர்ந்துபோகிறது. அதனால் அமிலம் உருவாக உருவாகச் சுண்ணாம்புப் பாலைச் சேர்த்து, பிஎச் அளவை 6-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறோம். கலனுக்குள் கடைசியில் இருப்பது அமிலம் அல்ல, கால்சியம் லாக்டேட் என்ற உப்பு.

ஷிப்டில் முதலில் நான் பார்ப்பது சுண்ணாம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற வரைகோட்டைத்தான். அமிலம் உருவானால்தான் சுண்ணாம்பு இறங்கும் என்பதால், பாக்டீரியாவின் நாடித்துடிப்பு அதில் தெரியும். கோடு திடீரென்று படுத்துவிட்டால் பாக்டீரியாவையே கொல்லும் ஃபேஜ் வைரஸ் தாக்கியிருக்கலாம். அப்படியானால் கலனைக் காலி செய்து, குழாய்களை எல்லாம் நீராவியால் கிருமிநீக்கம் செய்து, வேறு பாக்டீரியா வகையை இறக்க வேண்டும். நஷ்டம் பெரிதுதான். ஆனால் அது உடனே தெரிந்துவிடுகிற நஷ்டம்.

தெரியாமல் வருவதுதான் மோசம். லாக்டிக் அமிலத்தில் எல், டி என்று இரண்டு வகை உண்டு. வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். கிட்டத்தட்ட முழுக்க எல் வகையால் ஆன பிஎல்ஏ நன்றாகப் படிகமாகும், 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். டி வகை கொஞ்சம் கலந்தாலே உருகுநிலை இறங்கும். அது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து என்று போனால் பிளாஸ்டிக் படிகமே ஆகாது. எங்கள் பாக்டீரியா எல் வகையை மட்டும் தருவது. வெளியிலிருந்து நுழையும் லாக்டிக் பாக்டீரியாக்களில் பல இரண்டையும் கலந்து தருபவை. அவையும் அமிலம்தான் தருகின்றன, அதற்கும் சுண்ணாம்பு இறங்குகிறது, வரைகோடு அழகாகவே ஏறுகிறது.

ஒரு பேட்ச் அப்படி வந்தது. வேகம், சர்க்கரை தீர்ந்த நேரம், அமில அளவு எல்லாம் சரி. இரண்டு வகைகளையும் தனித்தனியே அளக்கும் சோதனை ஆய்வகத்திலிருந்து வந்தபோதுதான் டி வகை கூடியிருப்பது தெரிந்தது. சாம்பிள் எடுக்கும் குழாயில் ஒரு வால்வின் ரப்பர் தேய்ந்து, அதன் பின்னால் நீராவி எட்டாத ஒரு சின்ன இடுக்கு உருவாகியிருந்தது. அந்த அமிலத்தைப் பிளாஸ்டிக்குக்கு அனுப்ப முடியவில்லை, தோல் பதனிடும் வேலைக்குப் போனது. அதற்குப் பிறகு வால்வு ரப்பர்களை அவை தேய்வதற்கு முன்பே மாற்றுகிறோம். ஒரு பொருளின் உருகுநிலை இப்படிப்பட்ட ஓர் இடுக்கில் தீர்மானமாகிறது என்பதை இந்த வேலைக்கு வராமல் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உணவு விஷயத்திலும் இந்தப் பாக்டீரியாக்கள் பிடிவாதமானவை. சர்க்கரை மட்டும் போதாது, அமினோ அமிலமும் பி வகை வைட்டமின்களும் வேண்டும். ஈஸ்ட் சாற்றைத் தாராளமாக விட்டால் கலன் பாய்ந்து ஓடும். ஆனால் அதில் மிஞ்சுவது பின்னால் சூடாக்கும்போது சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பு நிறமாகும், சுத்திகரிப்புப் பிரிவு திணறும். அதனால் என்னைப் பொறுத்தவரை வேகமான பேட்ச்சை விட, மிச்சம் மீதி குறைவாக முடிகிற பேட்ச்தான் நல்ல பேட்ச்.

பிளாஸ்டிக்கையே தன் உடம்புக்குள் சேர்த்து வைக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. அப்படிச் சேரும் பாலிஹைட்ராக்ஸிபியூட்டைரேட் என்ற பிளாஸ்டிக்கை 1920-களில் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி லெமுவான் கண்டறிந்தார். நைட்ரஜனைக் குறைத்துச் சர்க்கரையை நிறையக் கொடுத்தால், சில பாக்டீரியாக்களின் உலர் எடையில் நூற்றுக்கு எண்பது வரை அந்தப் பொருள்தான் இருக்கும். கடல்நீரிலும் மண்ணிலும் அது மக்கும் என்பது பெரிய விஷயம். ஆனால் சர்க்கரையின் எடையில் பாதிகூடத் தேறாது, செல்லை உடைத்து வெளியே எடுக்க வேறு செலவு. பிஎல்ஏ சிக்கனமாக வருகிறது. ஆனால் அது ஒழுங்காக மக்க, 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் உள்ள தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். கடலில் விழுந்தால் பல வருடம் அப்படியே கிடக்கும். பொட்டலத்தில் ‘மக்கும்’ என்று மட்டும் போட்டு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே, எந்தச் சூட்டில் என்று சேர்த்தே அச்சிட வேண்டும்.

அதைவிட அதிகமாக என்னை உறுத்துவது சுண்ணாம்பு. கால்சியம் லாக்டேட்டிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் விடுகிறோம், ஜிப்சம் வீழ்படிவாகிறது. ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் ஜிப்சம்! கொஞ்சம் சிமென்ட்டுக்கும் வயலுக்கும் போகும். நிறமும் ஈரமும் உள்ளதால் எல்லாவற்றையும் தள்ளிவிட முடிவதில்லை. செடியிலிருந்து வந்த பொருள் என்று பெருமைப்படும்போது இந்தக் குவியலையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புளிப்பைத் தாங்கும்படி மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கார்கில் நிறுவனம் தொழில் அளவுக்குக் கொண்டு வந்திருக்கிறது. அதில் சுண்ணாம்புத் தேவை வெகுவாகக் குறைகிறது. பாக்டீரியாவையே வைத்துக்கொள்வதானால் இன்னொரு வழி, இருமுனைச் சவ்வு மின்கூழ்ப்பிரிப்பு (எலக்ட்ரோடயாலிசிஸ்). மின்சாரத்தால் உப்பை அமிலமாகவும் காரமாகவும் பிரித்துவிடலாம், காரத்தை மறுபடி கலனுக்கே திருப்பலாம், ஜிப்சம் இல்லை. ஆனால் கால்சியம் சவ்வில் படிந்து அடைத்துவிடும் என்பதால் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாற வேண்டும். சோடியம் லாக்டேட் எளிதில் கரைவது, அதன் செறிவு ஏற ஏறப் பாக்டீரியா தளர்ந்துபோகும். எங்கள் பிரிவில் இப்போது ஓடும் சிறு கலன் சோதனை இதற்காகத்தான். அதிக சோடியத்தைத் தாங்கும் வகைகளைப் பொறுக்கி எடுக்கிறோம், மின்சாரச் செலவைத் தனியே எழுதி வைக்கிறோம்.