பத்து வினாடிக்கு ஒரு மூச்சு

சேர்ந்து பாடுகிறவர்களின் இதயங்கள் ஒன்றாகத் துடிக்கின்றன என்ற செய்தி 2013 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் செய்த ஆய்வுதான் அதற்கு மூலம். ஆய்வு சொன்னது கொஞ்சம் வேறு. ஒவ்வொருவருடைய துடிப்பும் அதனதன் போக்கில்தான் விழுகிறது. துடிப்பின் வேகம் கூடுவதும் குறைவதும்தான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நடக்கிறது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், பாட்டு உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதே பிடிபடாமல் போகும்.

வழி மூச்சுதான். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது; விடும்போது, மூளையிலிருந்து இறங்கி இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தணிகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார், ஆளுக்கொரு கணக்கு. பாடத் தொடங்கியதும் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. வரி முடிகிற இடத்தில்தான் காற்றை இழுக்க முடியும். அப்போது மெட்டு மூச்சை ஆள்கிறது, மூச்சு துடிப்பை ஆள்கிறது.

கோதன்பர்க்கில் 18 வயதுள்ள 15 பேருக்கு மூன்று வேலை கொடுத்தார்கள். முதலில் ஒரே ஸ்வரத்தை வாய்மூடி முனகுவது. மூச்சு யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது. அடுத்து ஒரு தேவாலயப் பாடல், வழக்கம்போல். கடைசியில் மெதுவான ஒரு மந்திரம். வரிகளுக்கு நடுவில் மட்டுமே மூச்சு. முனகலில் துடிப்பு வேகங்கள் ஆளாளுக்கு வேறாக ஓடின. பாடலில் ஒன்றை ஒன்று நெருங்கின. மந்திரத்தில் எல்லோருடைய துடிப்பு வேகமும் ஏறி இறங்கும் சீரான ஒரே அலை, சுமார் பத்து வினாடிக்கு ஒன்று.

இந்தப் பத்து வினாடிக்குத் தனிக் காரணம் உண்டு. இரத்த அழுத்தம் ஏறினால் துடிப்பைக் குறைத்தும், இறங்கினால் கூட்டியும் உடம்பு சரிசெய்துகொள்கிறது. அந்தத் திருத்தம் ஒரு சுற்று வர ஏறக்குறைய பத்து வினாடி ஆகும். மூச்சும் அதே கால அளவுக்கு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி அலை பெரிதாகிறது. 2001-இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து இதையே வேறு வழியில் பார்த்தார்கள். லத்தீன் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே’ மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறாக இறக்கின. சாதாரணப் பேச்சு அப்படிச் செய்யவில்லை. ஜெபமாலையில் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். ஒருவர் முறைக்கு மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நம் நாமாவளி பஜனையும் இதே அமைப்புதான், வேகம் ஏறாமல் இருக்கும் வரை.

வீட்டில் செய்து பார்க்க ஆதி தாளம் மிகப் பொருத்தம். சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 48 தட்டில் வையுங்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்று, சரியாகப் பத்து வினாடி. லகுவும் (முதல் நான்கு எண்ணிக்கை) முதல் த்ருதமும் (அடுத்த இரண்டு) பாட்டு, அதாவது ஏழரை வினாடி. இரண்டாம் த்ருதத்தில் (கடைசி இரண்டு) மூக்கு வழியாக மூச்சு, இரண்டரை வினாடி. உங்கள் சுருதிக்கு ஏற்ற மத்திம ஸ்தாயியில் (குரலின் நடு உயரத்தில்), பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்ற அளவில் ‘அ’காரமாகப் பாடினாலே போதும். ஐந்து நிமிடத்தில் 30 ஆவர்த்தனம் ஆகிவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூச்சை இழுக்கும் இடத்தில். தோளைத் தூக்கி நெஞ்சு நிறைய இழுத்தால் தேவைக்கு மேல் காற்று போய், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். வயிறும் விலாவும் விரிகிற அளவுக்கு இழுத்தால் ஏழரை வினாடிக்குத் தாராளம். சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஐந்தாம் எண்ணிக்கையிலேயே காற்று தீர்ந்தால் குரலைக் குறையுங்கள். அப்போதும் தீர்ந்தால் மெட்ரோனோமை 60-க்கு ஏற்றி, பழகப் பழக இறக்குங்கள். இன்னொன்று பாடகர் குழுக்களின் பழக்கம்: ஒலி அறுபடாமலிருக்க ஆளுக்கொரு இடத்தில் மூச்சைத் திருடச் சொல்வார்கள். கச்சேரிக்கு அது நல்ல உத்தி. துடிப்பலை ஒன்றுசேர வேண்டும் என்றால் அதுவே பகை. வரித்தாளில் மூச்சு இடங்களைக் கோடு போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

அலையை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவாது. அது பல துடிப்புகளின் சராசரியைக் காட்டுவதால் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். துடிப்பை அளக்கும் கைக்கடிகாரமும் தாளம் போடும் கையில் தடுமாறும். ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியையும் பதிவு செய்யும் மார்புப் பட்டைதான் சரி. வயது ஏற ஏற இந்த அலை சிறுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 18 வயதினரிடம் கண்ட உயரத்தை 60-இல் தேடக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கற்று ஓடும் நோய் உள்ளவர்களுக்கும் இந்த அளவீடு பொருந்தாது.

சேர்ந்து பாடினால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்ற பேச்சை நான் இவ்வளவு உறுதியாக ஏற்கமாட்டேன். 2004-இல் வெளியான ஃப்ராங்க்ஃபர்ட் ஆய்வில், மொசார்ட்டின் ரெக்வியம் என்ற இரங்கல் இசையைப் பாடிய 31 பேரின் எச்சிலில், கிருமிகளைத் தடுக்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏ கூடியது. அதையே கேட்ட நாளில் கூடவில்லை. அருமையான ஒப்பீடு. ஆனால் எச்சில் ஊறும் அளவு மாறினாலே அதிலுள்ள புரதத்தின் செறிவும் மாறும். பாடும் வாய் உலர்கிற வாய். 2016-இல் தெற்கு வேல்ஸில் புற்றுநோயோடு தொடர்புடைய 193 பேர் 70 நிமிடம் பாடியபின் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது என்கிறார்கள். பாடாமல் அதே நேரம் கூடி உட்கார்ந்த ஒரு குழு அங்கே இல்லை. கார்டிசால் காலையில் உயர்ந்து நாள் போகப் போகத் தானே இறங்கும் பொருள்.

பிரிட்டனில் எய்லுனெட் பியர்ஸ், ராபின் டன்பர் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட உறுதியான கட்டமைப்பு கொண்டது. வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் பாட்டுக்கு எதிரே கைவினையையும் படைப்பெழுத்தையும் ஒப்பீட்டுக்கு நிறுத்தினார்கள். பாட்டு வகுப்பினர் வெகு விரைவில் நெருங்கினார்கள். ஏழு மாத முடிவில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டிவிட்டார்கள். அறிமுகமில்லாதவர்கள் கூடும் முதல் சில வாரங்களில்தான் பாட்டின் பலன் மிகுதி. புதுக் குழு தொடங்குகிறவர்கள் முதல் நாளே விண்ணப்பப் படிவம், விதிமுறை என்று நேரத்தைத் தின்னாமல், எல்லோருக்கும் எட்டும் சுருதியில் நாலு வரியைச் சேர்ந்து பாடவைத்துவிடலாம்.