நாலாம் பக்கத்தில் நின்ற கதை: ஆறு வாரக் குறிப்பு

கதை நாலாம் பக்கத்தில் நின்று ஏழு மாதமாகிவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன் கதை எழுத உட்கார்ந்தால் எதில் போய் விழுவானோ அதில்தான் நானும் விழுந்தேன்: 1948 ஜூன் 16. எல்பில் ரப்பர் தோட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நாட்டில் அவசரகாலம் தொடங்கக் காரணமான நாள். துரைகளைப் பற்றி எழுதியது போதும் என்று, அருகில் நானே உண்டாக்கிய ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் அஞ்சலையை நாயகியாக்கினேன். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போனாள், காட்டுக்குள் நுழைந்தாள், மரத்தை ஆழமாகச் சீவினாள். அதோடு நின்றுவிட்டாள். அவளை நகர்த்த ஆறு வாரம் நான் செய்து பார்த்தவை இவை.

முதல் வாரம். பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973இல் பரப்பிய பயிற்சி: பத்து நிமிடம் கையை எடுக்காமல், திருத்தாமல், மனதில் வருவதை எழுதிக்கொண்டே போவது. ஆறு நாள் செய்தேன். லோரி கம்பெனி முதலாளியைத் திட்டி மூன்று பக்கம், முட்டிவலி பற்றி ஒரு பக்கம். வெற்றுத் தாளைக் கண்டால் வரும் படபடப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் அஞ்சலை நின்ற இடத்திலேயே நின்றாள்.

இரண்டாம் வாரம். ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால்மணிக்கு 250 சொல் எழுதியவர். எனக்குக் கால்மணிக்கு 90 சொல் வந்தது. மறுநாள் 40. மூன்றாம் நாள் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் ஈப்போவில் கல்யாணம். ஒன்றும் இல்லை.

நான்காம் வாரம்தான் உருப்படியாக ஒன்று நடந்தது. பாதியில் விட்ட பழைய கதைகளையும் எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வரியில் நின்றது என்று பார்த்தேன். ஒன்று, பாடை கட்ட ஆள் வந்த இடத்தில். இன்னொன்று, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்த இடத்தில். மூன்றாவதில் ஒருத்தி அத்தாப்பு ஓலைக் கூரையை மாற்ற ஏறுகிறாள், இன்னும் இறங்கவில்லை. அஞ்சலையோ கத்தியோடு மரத்தடியில். எல்லாரும் கையால் ஒரு வேலை செய்யவேண்டிய இடம். அந்த வேலை எனக்குத் தெரியாது. தோட்டத்தில் இல்லை, தாமான் குடியிருப்பு வீட்டில் வளர்ந்தவன் நான். ஊரைச் சுற்றி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். எனக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று ஏழு மாதம் துக்கம் கொண்டாடியது வீண்.

ஆங்கிலத்தில் இந்த எழுத்து முடக்கத்துக்குப் பெயர் வைத்தவர் என்று எட்மண்ட் பெர்க்லர் என்ற மனப்பகுப்பாய்வாளரைச் சொல்கிறார்கள், 1940களில். சிசுவாக இருந்தபோது தாய் பால் மறுத்த கோபம்தான் அடிக்காரணம் என்பது அவர் கட்சி. என் விஷயத்தில் குற்றவாளி நான்தான். இருபது வருஷம் பால் வெட்டிய அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை.

அம்மாவை உட்காரவைத்துக் கேட்டால் பேச்சு வராது. நெத்திலி கிள்ளும்போதுதான் வரும். நாலாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"சீவினாளா? என்னாடா தம்பி, பென்சிலா சீவுறா? வெட்டுனான்னு எழுது. ஆழமான்னு வேற எழுதியிருக்கே. ஆழமா வெட்டுனா மரம் காயமாயிரும், தண்டல் கிழிச்சிருவாரு. மெல்லிசா, தோல் மாதிரி வரணும்." தண்டல் என்பவர் வேலையை மேற்பார்க்கிறவர்.

மரத்துக்கிட்டே போனதும் முதலில் என்ன செய்வாய் என்றேன். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை இழுத்து எடுக்கவேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கில் கட்டிப்பால் கிடந்தால் அதையும். பிறகுதான் கத்தி, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, சரிவாக. சொல்லும்போதே நெத்திலிக் கையோடு காற்றில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டை எழுத்தில் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் ஆனது.

கதையில் அடுத்து, ஏழு மணிக்கு அஞ்சலை தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் வாளியில் பாலோடு வரும்போது துரை சுடப்பட்ட செய்தி கேட்பதாகத் திட்டம். அம்மா சிரித்துவிட்டார். "ஏழு மணிக்கு ஏதுடா பாலு? அப்ப வெட்டிக்கிட்டுல்ல இருப்போம்." குளிர் இருக்கும்போதே வெட்டினால்தான் பட்டைக்குள் அழுத்தம் இருந்து பால் நன்றாக வடியும். வெட்டி முடித்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக் காத்திருந்து, பத்து மணி வாக்கில்தான் மங்கு மங்காக எடுப்பார்கள்.

எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்டது காலை எட்டரை வாக்கில். செய்தி அஞ்சலையிடம் வரும் நேரம் வெட்டு முடிந்திருக்கும், பால் இன்னும் எடுத்திருக்கமாட்டாள். சில நூறு மங்கில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. எடுக்காமல் விட்டால் உறைந்துபோகும், கணக்கில் பால் குறையும். எடுக்கப் போனால் காட்டுக்குள் யார் இருக்கிறார்களோ. தண்டலைக் காணோம். கதை அங்கேதான் இருந்திருக்கிறது. அதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அம்மா என் நேரக்கணக்கைத் திருத்தியதில் வந்து விழுந்தது.

(ஒன்று விட்டு ஒருநாள் வெட்டி மரத்துக்கு ஓய்வு கொடுப்பதைப் போல எழுத்தாளனுக்கும் ஓய்வு வேண்டும் என்று அழகாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். "மரத்துக்குத்தான் லீவு, எங்களுக்கு அன்னிக்கு அடுத்த நிரை" என்றார் அம்மா. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

ஐந்தாம் வாரம் 2300 சொல். எல்போவின் பத்து நிமிடத்தை விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது தெரியாத இடம் வந்தால் சிவப்பு மையில் கேள்வியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். சிவப்புக் கேள்விகள் இதுவரை 14. அம்மா ஒன்பதுக்குப் பதில் சொன்னார், இரண்டை "அதெல்லாம் எழுதாதே" என்று, நான் பதிவு செய்துகொண்டிருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அந்த இரண்டும்தான் எனக்கு ரொம்ப வேண்டும்.

ஆறாம் வாரம் 1100. பதினோராம் பக்கத்தில் மறுபடி நிற்கிறது. அன்று ராத்திரி தொழிலாளர் லயத்தில் விளக்கு ஏற்றினார்களா, இருட்டிலேயே சாப்பிட்டார்களா? அம்மா அப்போது பிறக்கவில்லை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு 1948இல் பத்து வயது இருக்கும். அவரைப் பிடிக்க நல்ல இடம் கோயில்தான், வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். இன்று புதன்.