பாடலீஸ்வரர் சந்நிதியில் மணியோசையும் தீபமும்

கடலூர் பக்கம் போனால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் சாயரட்சை என்னும் மாலைப் பூஜையைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனம் வராது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறி வந்து பதிகம் பாடிய தலம். பெரியநாயகி அம்பாள் பாதிரி மரத்தடியில் தவம் இருந்ததும் இங்கேதான்.

அன்று அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்தார்கள். மண்டபத்து இருட்டில் ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். திரை விலகியதும் குருக்கள் இடக்கை மணியை அசைத்தார், வலக்கையில் தீபம் எழுந்தது. உள்ளே நாகாபரணத்தின் விளிம்பு, விபூதிப் பட்டை, அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு வில்வ இலை. அந்த இலையின் நுனியில் நின்ற நீர்த்துளிகூடத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து!

நான் கண் பரிசோதனைத் தொழிலில் இருப்பவன். அதனால் இது மனதிலேயே நின்றுவிட்டது. வெளிச்சம் பட்டால் கண்பாவை சுருங்கும், இருட்டில் விரியும். ஆனால் திடீரென ஓர் ஓசை கேட்டாலும் அது சற்று விரியும். மூளை விழித்துக்கொண்டதற்கு அது அடையாளம். நடுமூளையில் கண் தரும் செய்தியும் காது தரும் செய்தியும் ஒரே நரம்பணுவில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. மங்கிய ஒளிக்கு லேசாக மட்டும் துடிக்கும் அணு, அதே திசையிலிருந்து அதே நேரத்தில் ஓசையும் வந்தால் வேகமாகக் கிளர்ந்தெழும். 2000-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரு பக்கம் ஓசை கேட்டால் அந்தப் பக்கம் தோன்றும் மங்கலான ஒளியைக் கண் எளிதில் பிடித்துவிடும் என்று காட்டியது. அதே ஆண்டு ஷாம்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னும் வியப்பு: ஒருமுறை மின்னிய ஒளியோடு இரண்டு 'பீப்' சத்தம் கொடுத்தால், பார்ப்பவர்கள் ஒளியே இரண்டு முறை மின்னியதாகச் சொன்னார்கள்.

குருக்களின் இரண்டு கைகளையும் நினைத்துப் பாருங்கள். மணியும் தீபமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நொடியில் வருகின்றன. இதை வைத்துக் கோயிலுக்கு விஞ்ஞானம் சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று சொல்ல நான் விரும்பவில்லை, பாடலீஸ்வரருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் என் கண்ணும் காதும் சேர்ந்து அவனைப் பார்க்கும்படி படைக்கப்பட்டிருக்கின்றன என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

போகிறவர்கள் பூஜைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய் நில்லுங்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். நடுவில் செல்போனைத் திறந்தால் அத்தனையும் போச்சு. அப்புறம் ஒன்று, தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். தயவுசெய்து மணி அடிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். வேண்டுதலைத் தீபம் இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.