இரண்டு டிசி

போடியில் ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும்.

அம்மா பையிலிருந்து இரண்டு டிசி எடுத்தார். ஒன்று இங்கே பிளஸ் டூ முடித்தது. இன்னொன்று கேரளத்தில், பூப்பாறைப் பக்கம் ஏழாவது வரை படித்த பள்ளியுடையது. நாலாக மடித்து மடித்து, மடிப்பிலேயே கிழியப் பார்த்தது. கண்ணாடியில் விரித்ததும் லேசாக ஏலக்காய் வாசம்.

“அண்ணே, ரெண்டும் வேணுமா? இது மட்டும் போதுமா?”

கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை.

கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் சரி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும் சரி, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவளுக்கு இரண்டு வருடம் மலைக்கு அந்தப் பக்கம். அதுவும் அரசுப் பள்ளிதான். அதுவும் தமிழ்வழிதான்.

இந்த விதிமுறையைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால், தனியார் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி வருடம் மட்டும் அரசுப் பள்ளிக்குத் தாவுவார்கள். 2020இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் இந்த இட ஒதுக்கீடு வந்தபோது கைதட்டியவன்தான் நான்.

ஆனால் விடியற்காலையில் போடியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் ஜீப்புகளில் யார் எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. வேலை அங்கே, வீடு இங்கே. சில வருடம் பிள்ளையும் அங்கே.

“என்னம்மா எடுக்கப் போற?”

“சிவில் சார். நான் முதல்வன் திட்டத்துல எந்தக் காலேஜ்னு எல்லாம் சொன்னாங்க.”

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று நம்பர் வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மா இரண்டையுமே பிரதி எடுத்தார். பழைய டிசியை அதே மடிப்பில் மறுபடி மடித்தார்.