தம்பியின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள்

மூளைக் கட்டிக்கான சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், இரண்டு மாடிப் படிகள் ஏறுவதற்குள் தம்பிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, கட்டிதான் திரும்பிவிட்டதோ என்று பயந்து எம்ஆர்ஐ எடுக்க ஓடினோம். தலையில் புதிதாக எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 8 என்று வந்ததைப் பார்த்த மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் தவறாமல் சாப்பிட்டும் அது 7.4க்கு இறங்கியது.

அன்றிரவு பீரோவிலிருந்த கோப்பை எடுத்து, கட்டிக்கான கீமோதெரபி மாத்திரையான டெமோசோலமைடு சாப்பிட்ட காலம் முதலான ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். பிளேட்லெட் 1,80,000, 1,40,000, 96,000 எனச் சரிந்துகொண்டே வந்திருந்தது. சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்சிவி 90இலிருந்து 107க்கு ஏறியிருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், இங்கே பெருத்திருந்தது.

ரத்தநோய் நிபுணர் அந்தத் தாள்களைப் பார்த்ததும், இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜை எடுக்கச் சொன்னார். ஒருக்களித்துப் படுத்திருந்தவன் என் விரல்களை விடவே இல்லை. முடிவு எம்டிஎஸ் என்று வந்தது, அதாவது மஜ்ஜையால் நல்ல ரத்த அணுக்களைப் போதிய அளவு உருவாக்க முடியாமற்போகும் ஒருவகை ரத்தப் புற்றுநோய். 7ஆம் குரோமோசோம்களில் ஒன்று காணாமற்போயிருந்தது. டெமோசோலமைடு போன்ற மருந்துகள் கட்டியின் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களையும் தாக்கக்கூடும் என்றும், மிகச் சிலருக்கே பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் இது வெளிப்படும் என்றும் அவர் விளக்கினார்.

"அப்போ அந்த மாத்திரையே வேண்டாம்னு சொல்லியிருக்கணுமாக்கா?" என்று தம்பி கேட்டான். அந்த மாத்திரை இல்லாமல் இந்த ஆறு ஆண்டுகள் நமக்குக் கிடைத்திருக்குமா என்றேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

28 நாள் சுற்றில் முதல் ஏழு நாள்கள், நோயைக் கட்டுப்படுத்தும் அசாசிட்டிடின் ஊசியைத் தம்பிக்குப் போட்டார்கள். முழுமையாகக் குணமாக மஜ்ஜை மாற்றம் ஒன்றே வழி. உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், நான் பொருந்தினேன். ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்க எனக்குப் போட்ட ஐந்து நாள் ஊசியில் முதுகெலும்பு முழுதும் குடைந்தது. பிறகு அந்தச் செல்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்திருந்தேன். பையில் சேர்ந்தது தக்காளிச் சாற்றின் நிறத்தில் இருந்தது.

அதைத் தம்பிக்கு ஏற்றிய 17ஆம் நாள் அவனுடைய வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கின. ஓ பாசிட்டிவாக இருந்த அவன் ரத்த வகை சில மாதங்களில் என்னுடைய பி பாசிட்டிவாக மாறியது. கோப்பின் முதல் தாளில் பழைய வகையை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, அதற்குக் கீழே அவன் இதுவரை எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மருந்தின் பெயரையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.